நீர்மாலை ஊற்று

நடந்தது இது. இப்படிப்பட்டவற்றைக் கூட்டிச் சொல்வது வழக்கம். இங்கே கூட்டியது ஒன்றும் இல்லை. சொல்லாமல் விட்டது சிறிது உண்டு. அந்தக் குடும்பம் கேட்டுக்கொண்டதால் விடப்பட்டது. நம்பாதவர்கள் போடிமெட்டுக்குக் கீழே, ஏலத்தோட்டங்களுக்குப் பிரியும் கழுதைப்பாதையில் ஏறிப் போய்ப் பச்சைக்குளம் எங்கே என்று கேட்டுப் பார்க்கலாம். வழி சொல்வார்கள். உச்சிப்பொழுதில் கேட்டால் மட்டும் சொல்லமாட்டார்கள்.

ஆண்டு 1958. மாசி மாதக் கடைசி. கண்ணுச்சாமிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. இரசாயனம் படித்தவர். போடியைச் சேர்ந்த ஓர் ஏலக்காய் முதலாளியின் தோட்டத்தில் வேலை. எதையும் அளந்து பேசுபவர். அளக்க முடியாததைப் பேசாதவர்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் அந்தத் தோட்டத்துக் கூலிக்குடியிருப்புகளான லயங்களில் வாந்திபேதி வந்தது. மேல் லயத்துக் கக்கூஸ் சாக்கடை ஓடையில் கலந்தது. கீழ் லயம் அந்த ஓடையைக் குடித்தது. கண்ணுச்சாமி அப்போது சென்னையில், கழிவுநீரைச் சுத்தம் செய்யும் படிப்பில் இருந்தார். அவர் மனைவி மூக்கம்மாள் தன் அண்ணன் வீரணன் வீட்டில், கீழ் லயத்தில், நான்கு வயது மகளோடு இருந்தாள். நோய் பரவாதிருக்க அதிகாரிகள் மலைப்பாதையை அடைத்துவிட்டார்கள். பாதை திறந்து அவர் வந்து சேர்ந்தபோது மகள் முத்துப்பேச்சி மண்ணுக்குள் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது.

“எல்லாம் முறையாச் செஞ்சாச்சு,” என்றாள் மூக்கம்மாள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை; அவரும் கேட்கவில்லை.

அதன் பிறகு அவருக்கு ஒரே குறிக்கோள். அந்தச் சாக்கடை இனி ஓடைக்குப் போகக் கூடாது. முதலாளியிடம் நான்கு ஆண்டுகள் நடந்து, கெஞ்சி, ஒரு குளம் வெட்ட அனுமதி வாங்கினார்.

அகலமான குளம், ஆழம் முழங்காலுக்குச் சற்று மேல். சாக்கடை முதலில் ஒரு குழியில் விழும். மண்டி கீழே தங்க, தெளிவு குளத்துக்கு வரும். அழுக்கைத் தின்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். தின்ன அவற்றுக்குக் காற்று வேண்டும். அந்தக் காற்றைப் பாசி தரும். நுண்ணுயிர் விடும் மூச்சைப் பாசி எடுத்துக்கொள்ளும். ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவு. நடுவில் வெயில் மட்டும் வேண்டும். கொழுத்த பாசியைத் துணியில் வடித்து, மண்டியோடு சேர்த்து மூடிய தொட்டியில் போட்டால் வாயு உண்டாகும். தொட்டியின் மேல் கவிழ்த்த இரும்பு டிரம் அந்த வாயுவில் மேலே எழும்பும். அங்கிருந்து ஒரு குழாய், ஏலக்காய் உலர்த்தும் கூடத்தில் ஓர் அடுப்பு.

பாசியை வடிப்பவள் ராக்கு. கண்ணுச்சாமியின் மைத்துனர் வீரணனின் மனைவி. கீழ் லயத்தில் கைக்குழந்தையோடு இருப்பவள்.

“ஏண்ணே, இந்தக் கேசுல காச்சுன டீய மொதலாளி குடிப்பாராக்கும்?”

“குடிப்பார்.”

“குடிச்சுட்டு என்னா வாசம்னு கேட்டார்னா எங்க வீட்டுக்காரரு பேரச் சொல்லிருங்க. அவரு பங்குதான் தொட்டியில சாஸ்தி.”

கண்ணுச்சாமியே சிரித்துவிட்டார்.

ஆனால் முதலாளியின் நிபந்தனை சிரிப்புக்குரியது அன்று. மாசி முடிவதற்குள் அவர் வருவார். அவர் எதிரே அடுப்பு நின்று எரிய வேண்டும். எரியாவிட்டால் குளத்தைத் தூர்த்து ஏலம் நடுவார். சாக்கடை மறுபடி ஓடைக்கே போகும். அந்த ஓடையைத்தான் ராக்குவின் குழந்தை குடிக்க வேண்டும்.

குளத்துக்கு அவர் தேர்ந்த இடத்தில்தான் எல்லாம் தொடங்கியது.

அந்தச் சரிவில் மரநிழல் இல்லாத சமதளம் ஒன்றே ஒன்று. அதன் மேல் விளிம்பில் ஓர் ஊற்று. கோடையிலும் வற்றாது. ஆனாலும் அதிலிருந்து யாரும் குடத்தில் மொள்வதில்லை. மாடுகூட வாய் வைப்பதில்லை. லயத்தில் ஒருவர் இறந்தால் மட்டும் அங்கே வருவார்கள். நால்வர் நான்கு முனை பிடித்துத் தலைக்கு மேல் வெள்ளை வேட்டி விரிக்க, அந்த நிழலில் உறவுப் பெண்கள் குடம் ஏந்தி வந்து மொண்டு போவார்கள். அந்த நீரால்தான் பிணத்தைக் குளிப்பாட்டுவார்கள். அதற்கு நீர்மாலை என்று பெயர்.

“மாப்ளே, அது செத்தவுகளுக்கு உள்ள தண்ணி,” என்றான் வீரணன். “அதுலயா லயத்துச் சாக்கடைய விடுறது?”

“வருஷத்தில் என்றைக்கோ ஒரு நாள் எடுக்கிற தண்ணீர், மச்சான். மிச்ச நாளெல்லாம் சும்மாத்தானே ஓடுது?”

“சும்மா ஓடுதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

கண்ணுச்சாமி கணக்கைத்தான் பார்த்தார். யாரும் தொடாத ஊற்று. குளம் வற்றாமல் காக்கும். இதைவிடத் தோதான இடம் இல்லை. ஊற்றைக் குளத்துக்குள்ளேயே விட்டுக் கரை போட்டார். அதன் பிறகு லயத்தில் இறந்த ஒரு கிழவருக்கு மேல் ஓடையில் நீர்மாலை எடுத்தார்கள். யாரும் சண்டை போடவில்லை. கண்ணுச்சாமி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

குளம் பச்சை பிடித்தது. டிரம் எழும்பியது.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. பாசி அடியில் படிந்துவிடாமல் கலக்கிவிட வேண்டும். வெயில் உச்சத்தில் இருக்கும்போதுதான் அதற்குச் சுறுசுறுப்பு. அப்போதுதான் கலக்க வேண்டும். லயத்துக்காரர்களோ உச்சிப்பொழுதில் அந்த ஊற்றுப் பக்கம் போகாதவர்கள். வீரணன் மட்டும் தங்கை கணவருக்காக ஒத்துக்கொண்டு, பலகை வைத்த மூங்கில் துடுப்பால் தினமும் கலக்கினான்.

மாசி பாதி கடந்து ஒரு நாள் வந்து கேட்டான். “மாப்ளே, கொளத்துல பவுடரு போடச் சொன்னீகளா?”

“எந்தப் பவுடர்?”

“பேதி வந்தப்பத் தூவுனாகல்ல, வெள்ளப் பவுடரு. அந்த வாடை. மூக்கப் பிய்க்குது.”

கண்ணுச்சாமி எழுந்து ஓடினார். பிளீச்சிங் பவுடர் ஒரு கைப்பிடி விழுந்தாலும் பாசி செத்துப்போகும். அதனால் அதைத் தோட்டத்துக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது என்று கட்டளை இட்டிருந்தார். கரை முழுதும் பார்த்தார். தூள் இல்லை. வாடையும் இல்லை. ஒரு சொட்டு நீரை நுண்ணோக்கியில் வைத்தார். பாசி அத்தனையும் உயிரோடு, உருண்டை உருண்டையாய், பச்சையாய் இருந்தது.

“உங்கள் மூக்கைத்தான் வைத்தியரிடம் காட்ட வேண்டும், மச்சான்.”

வீரணன் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் பாதியில் துடுப்பைக் கரையில் சாத்திவிட்டு வந்துவிட்டான். யாரோ குடம் மொள்ளும் சத்தம் கேட்டதாம். ஆள் இல்லையாம்.

“ஆம்பளையப் பாரு!” என்றாள் ராக்கு. “தவளை கத்துனாலும் வேட்டிய நனைச்சிருவாரு. கொண்டா அந்தத் துடுப்ப, நான் போறேன்.”

போனாள். விரைவிலேயே திரும்பி வந்தாள். வந்தவள் குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள். சாயங்காலம் வரை அவள் பேசவில்லை. ராக்கு அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததை அந்த லயத்தில் எவரும் கண்டதில்லை.

அதன் பின் யாரும் போகவில்லை.

நான்கு நாள் கலக்காத குளம் ஓரத்தில் கறுத்தது. நாற்றம் எழுந்தது. டிரம் ஒரு முழம் இறங்கியது. போடியிலிருந்து செய்தி வந்தது: முதலாளி வெள்ளிக்கிழமை வருகிறார்.

புதன்கிழமை கண்ணுச்சாமி லயத்து முற்றத்தில் நின்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார்: “இன்றைக்கு நான் கலக்குகிறேன். நான் பார்த்து வந்து சொல்கிறேன். நான் ஒன்றும் இல்லை என்றால், நாளைக்கு வர வேண்டும்.”

“நீங்க சொன்னா வர்றேன், மாப்ளே,” என்றான் வீரணன். “நீங்க பொய் சொல்லமாட்டீக.”

கூடத்து மணி பன்னிரண்டு அடித்தபோது அவர் துடுப்போடு கரையில் நின்றார். மேலே மேகம் ஒரு கீற்றுக்கூட இல்லை. குளத்தின் மேற்பரப்பு முழுதும் பொடிப்பொடியாய்க் குமிழிகள் எழுந்து உடைந்தன. பாசி விடும் காற்று. சள… சள… என்று மெல்லிய ஓசை. அவருக்குப் பிடித்த ஓசை அது. இறங்கிக் கலக்கத் தொடங்கினார். கறுத்திருந்த ஓரம் சிறிது சிறிதாய்ப் பச்சை கண்டது. பயத்துக்கு இங்கே என்ன இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார்.

சில்வண்டுகள் கத்துவது நின்றது.

ஒன்றிரண்டாய் அல்ல. அந்தச் சரிவு முழுதும் ஒரே நேரத்தில்.

பிறகு வாடை வந்தது. பவுடர். சந்தேகமே இல்லை. கண் எரிந்தது. அவர் குனிந்து நீரை அள்ளி முகர்ந்தார். நீரில் அந்த வாடை இல்லை. காற்றில் இருந்தது. தோட்டத்துப் பாதையிலிருந்து இறங்கி வந்தது.

அப்போதுதான் அதைப் பார்த்தார்.

கரையின் மேல் ஒரு நிழல். நீளச்சதுரம். நான்கு முனையும் சற்றே மேலே இழுத்துப் பிடித்தது போல் கூராக இருந்தன. நடுவில் கொஞ்சம் தொய்வு. மெல்ல அசைந்தபடி கரையில் இறங்கி நீருக்கு வந்தது. அவர் அண்ணாந்து பார்த்தார்.

மேலே ஒன்றும் இல்லை. வெறும் வெயில்.

கண்ணின் கோளாறு என்று சொல்லிக்கொண்டார். கண்ணின் கோளாறுதான்… ஆனால் பாசிக்குக் கண் கிடையாது. வெயில் பட்டால் குமிழி விடும்; நிழல் விழுந்தால் நிறுத்தும். அது பொய் சொல்லாது. அந்த நிழல் ஊர்ந்த இடமெல்லாம் குமிழிகள் நின்றன. சுற்றிலும் சள… சள… நிழலுக்குள் மட்டும் ஓசை இல்லை.

நிழல் ஊற்றின் மேல் போய் நின்றது.

குபுக்…

நீரில் ஒரு குழி விழுந்து, வட்டம் விரிந்து, அவர் முழங்காலைத் தொட்டது.

குபுக்… குபுக்…

குடத்தின் வாயிலிருந்து காற்று வெளியேறும் ஓசை. ஒவ்வொரு குடத்துக்கும் அவசரம் இல்லாமல் இடம் விட்டு, வரிசையாய்.  கரைக்கு ஏற நினைத்தார். துடுப்பைச் சேற்றில் ஊன்றி அப்படியே நின்றார்.

குபுக்…

ஓய்ந்தது.

நிழல் திரும்பியது. கரை ஏறியது. போகப் போக, அது விட்டுப் போன இடத்தில் குமிழிகள் மறுபடி எழுந்தன.

மூச்சு விட்டார்.

அப்போது அவர் காலடியில்…

கிளுக்.

சின்ன ஓசை. குடம் அன்று. மிகச் சின்னது.

ஏதோ அவர் வேட்டியை உரசிக்கொண்டு போனது. அவர் தொடை உயரம்கூட இல்லை.

அவர் குனிந்து பார்க்கவில்லை.

சில்வண்டு கத்தத் தொடங்கிய பிறகே கரை ஏறினார். கரையில் ஒரு பித்தளைச் செம்பு இருந்தது. கைக்கு அடங்கும் அளவு. வெளியெல்லாம் நனைந்திருந்தது. உள்ளே விளிம்பு வரை பச்சைத் தண்ணீர். கழுத்தில் புள்ளி வெட்டிப் பெயர்: முத்துப்பேச்சி. போடிச் சந்தையில் அவரே வாங்கிப் பெயர் வெட்டச் சொன்னது. இடம் போதாமல் கடைசி எழுத்தைக் கடைக்காரர் கீழே வெட்டியிருந்தார். எழுத்து வரிசை கோணிவிட்டதே என்று அன்று அவர் குறைப்பட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது.

நீரை ஊற்றிவிட்டுச் செம்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு லயத்துக்கு நடந்தார். யாரோ எடுத்து வைத்திருந்து இங்கே போட்டிருக்கிறார்கள் என்று வழி முழுதும் தமக்கே சொல்லிக்கொண்டார்.

முற்றத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள். ராக்கு குழந்தையோடு முன்னால் நின்றாள். குழந்தை அவள் சேலைத் தலைப்பைச் சப்பிக்கொண்டிருந்தது. கண்ணுச்சாமி அந்தக் குழந்தையைப் பார்த்தார்.

“ஒன்றும் இல்லை,” என்றார். “நீர்க்கோழி.”

ராக்கு அவர் முகத்தையே பார்த்தாள்.

“நெசமாவா, அண்ணே?”

“நிஜமாகத்தான்.”

வீரணன் கிட்டே வந்தான். பிறகு கையை நீட்டி அவர் தோளிலிருந்த துடுப்பை வாங்கிக்கொண்டான். “கையி இப்படி நடுங்குது. நீர்க்கோழி கொத்திருச்சாக்கும்,” என்றான். அவ்வளவுதான். மறுநாள் உச்சியில் போனான். வாய்விட்டு ஏதோ பாடிக்கொண்டே கலக்கினான் என்று சொன்னார்கள். என்ன கேட்டது என்று அவனும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அன்றைக்கு அவர் அந்த வேளை முழுதும் கூடத்தில் உட்கார்ந்து, அவன் பாட்டு நிற்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை டிரம் எழும்பி நின்றது. அடுப்பு நீல நிறத்தில் எரிந்தது. முதலாளி ஜீப்பிலிருந்து இறங்கி, டீ குடித்து, இன்னொரு டம்ளர் கேட்டார். “பரவாயில்ல, கெமிஸ்ட்டு. குளம் இருக்கட்டும்,” என்றார். ராக்கு புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். ஓடை பிழைத்தது.

அன்று மாலைதான் மூக்கம்மாள் அவர் துண்டைத் துவைக்க எடுத்தாள்.

“இது ஏது?”

“குளத்துக்கரையில் கிடந்தது. யாரோ எடுத்து வைத்திருந்து…”

“கெடக்காது.”

“கிடந்தது, மூக்கம்மா. நான்தான்…”

“இது கெடக்காது. பிள்ளயோட வச்சுல்ல பொதைச்சது.”

 அவள் சுவரில் சாய்ந்து அப்படியே இறங்கி உட்கார்ந்தாள். ஐந்து ஆண்டுகள் சொல்லாததை அவள் சொல்லச் சில நிமிடம்தான் பிடித்தது. அதிகாரிகள் வந்தார்கள். பிணத்தின் மேல் தண்ணீர் படக் கூடாது என்றார்கள். தாயைக்கூடத் தொடவிடவில்லை. வெள்ளைப் பவுடரைக் கொட்டி, பாயில் சுருட்டி, அடுத்தடுத்து வரிசையாய்க் குழி. செத்தவர்கள் யாருக்கும் நீர்மாலை எடுக்கவில்லை. பிள்ளை விளையாடும் செம்பை மட்டும் பாய்க்குள் செருகினாள்.

“எல்லாம் முறையாச் செஞ்சாச்சு என்றாயே.”

“அன்னைக்கு உங்க மொகத்தப் பாத்துட்டு வேற என்னத்தச் சொல்ல?”

செம்பை இருந்த இடத்திலேயே வைக்க வேண்டும் என்றாள். விடிந்ததும் இருவரும் போனார்கள். பிள்ளையைப் புதைத்த மேட்டில் மண்ணை யாரும் தொட்டிருக்கவில்லை. போதைப்புல் என்னும் மலைப்புல்லின் வேர் பின்னிக் கிடந்தது. நான்கு மாதமாய் மழை இல்லை; புல்லைப் பெயர்த்தால் மண் மாவாய் உதிர்ந்தது. செம்பு கொள்ளும் அளவுக்கு மட்டும் தோண்டினால் போதும் என்று கண்ணுச்சாமி மண்வெட்டியைப் போட்டார்.

ஒரு முழம் போனதும் மண் ஈரமாய் வந்தது.

இன்னும் கொஞ்சம். சொதசொதவென்று நீர் கசிந்தது.

அந்த நீர் பச்சை.

அவர் மண்டியிட்டார். வெயில் படாத இடத்தில் பாசி பச்சையாய் இருக்காது. இருட்டில் அது வெளுத்துச் சாகும். அவர் படித்ததும், குளத்தில் தினமும் கண்டதும் அதுதான். அந்தக் குழிக்குள் ஐந்து ஆண்டுகளாய் வெளிச்சம் போனதில்லை. ஆயினும் பச்சை… துளிர்ப்பச்சை. அதில் பொடிப்பொடியாய்க் குமிழிகள் எழுந்தன.

சள… சள…

மூக்கம்மாள் குனிந்து விரல் நுனியால் அந்த ஈரத்தைத் தொட்டாள். முகர்ந்தாள். பவுடர் வாடை இல்லை. அவள் அழவில்லை.

“குளிச்சுட்டா,” என்றாள். “எம்புள்ள தானாப் போயித் தண்ணி எடுத்தாந்து குளிச்சுருச்சு.”

செம்பை வைத்து மூடினார்கள்.

அடுத்த வாரமே கண்ணுச்சாமி ஊற்றைச் சுற்றிக் கல் அடுக்கிக் குளத்திலிருந்து பிரித்தார். மூங்கில் குழாய் வைத்து அதன் தெளிந்த நீரைக் கரைக்கு வெளியே விழச் செய்தார். ஏன் என்று லயத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கல் சுமக்க மட்டும் எல்லோரும் வந்தார்கள்.

குடம் மொள்ளும் ஓசை அதன் பிறகும் உச்சிப்பொழுதில் கேட்டது. குளத்தில் அல்ல, குழாயடியில். வீரணன் கேட்டிருக்கிறான். ராக்கு கேட்டிருக்கிறாள். பின்னாளில் வேலைக்கு வந்து, முன்கதை எதுவும் அறியாதவர்களும் கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் சொன்னது ஒன்றே: குபுக்… குபுக்… பெரிய குடங்கள்.

மூக்கம்மாள் கேட்டவர்களிடமெல்லாம் தவறாமல் ஒன்றை விசாரிப்பாள். கடைசியில் சின்னதாய் ஓர் ஓசை வந்ததா என்று.

ஒருவரும் கேட்டதில்லை.